வண்டியை விட்டு இறங்காத ஐந்து பெட்டிகள்

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் நலம். இந்த ‘நலம்’ என்ற சொல்லை நேற்று மத்தியானம் என்னை எழுதச் சொல்லியிருந்தால் பேனா ஓடியிருக்காது. அங்கு அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேற்று நான் போனில் அழாத குறையாக, “மச்சான், உங்க மாடி ரூம் காலியா இருக்கா? ஒரு வாரம் தங்கிக்கட்டுமா?” என்று கேட்டேன் அல்லவா, அந்த அறை இனி வேண்டாம். நடந்ததைப் போனிலேயே சொல்லலாம்தான். நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள் என்பதால் கடிதம்.

உங்கள் மருமகளும் அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து ரோபோ போட்டிக்கு ஒரு வண்டி செய்திருந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வண்டி தரையில் கிடக்கும் சின்னப் பெட்டிகளைப் பொறுக்கித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒரு சரிவில் ஏறி மேடையில் போய் நிற்க வேண்டும். ஆட்டம் முடியும்போது மேடையின் எல்லைக்குள், தரையில் படாமல் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பத்து மதிப்பெண். நாற்பது எடுத்தால் இறுதிச் சுற்று. பிள்ளை இதற்காக நாலு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டில்கூட வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் விஷயம், இதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் விதிப்புத்தகத்தைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள் மச்சான், என் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போனார்கள். பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் முன்னால் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்தால் அவன் என்ன செய்வான்? அட்டை முதல் அட்டை வரை படித்தேன். படித்ததும் பகீரென்றது. இவர்கள் வண்டி மேடையில் ஏறி அப்படியே நிற்கிறது, பெட்டிகளை இறக்குவதே இல்லை! “வண்டியில இருக்கற சரக்கு சேர்ந்த சரக்கு ஆகாதும்மா, எங்க ஆபீஸ்ல இறக்கி வெச்சாத்தான் கணக்கு” என்றேன். “அப்பா, இது உங்க பார்சல் ஆபீஸ் இல்லப்பா. எல்லைக்குள்ள இருந்தா போதும்னு போட்டிருக்கு. இறக்கினா உருண்டு கீழ விழும், அதுக்குத்தான் பின்கதவைத் திறக்கவே வேணாம்னு விட்டோம்” என்றாள். நான் விடுவேனா? மற்ற இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஒரு லாரி நிறையத் தேங்கிக் கிடந்த சரக்குக்கு நான் ரசீது தர மறுத்த கதையைச் சொன்னேன். கண்ணாடி போட்ட பெண் பயந்துபோய்விட்டாள். புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான். இரண்டுக்கு ஒன்று என்று முடிவாகி, மேடையில் ஏறியதும் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கும்படி மாற்றி எழுதினார்கள். உங்கள் மருமகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோற்றைக்கூட அம்மாவைக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போட்டியன்று காலை, ராசி ஆகும் வழியைத் தேடி, வண்டியை நானே மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். அந்தப் பின்கதவு வழியெல்லாம் தடதடவென்று ஆடியது. ஆடுகிற கதவைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார என்னால் ஆகாது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பார்சல் டேப்பை எடுத்து, சுருக்கமோ குமிழியோ இல்லாமல் நாலு பக்கமும் ஒட்டினேன். கண்ணாடி மாதிரி டேப், ஒட்டினதே தெரியாது. இறங்கும்போது பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். இறங்கும்போது ஆட்டோக்காரரிடம் சில்லறைக்குச் சண்டை வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. வண்டி அழகாக ஓடி ஐந்து பெட்டிகளை அள்ளி ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி மேடையில் நின்றது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். கதவு திறக்க வேண்டும். மோட்டார் ‘ங்ங்ங்’ என்று முனகியது, வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது, கதவு அசையவில்லை. மணி அடித்துவிட்டது. உங்கள் மருமகள் குனிந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஏதோ பளபளத்தது. அவள் நிமிர்ந்து, அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என்னை மட்டும் பார்த்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் கால் நன்றாகவே ஓடியது. நடைவழிக்கு வந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அப்போது உங்கள் தங்கை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து, “உள்ள வாங்க. பண்றதையும் பண்ணிட்டு ஒளியறதைப் பாரு” என்று இழுத்துப் போனாள். உள்ளே தலைமை நடுவர் அம்மா தரையில் மண்டியிட்டு, மேடையோடு கண்ணை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணி வாத்தியார் குதித்துக்கொண்டிருந்தார். “வண்டிக்குள்ளேயே கிடக்கறது எப்படிங்க சேர்ந்ததாகும்? இறக்கவே இல்லையே!” என்றார். மச்சான், என் வாயிலிருந்து பிடுங்கிப் பேசியது போல இருந்தது. “அப்படிச் சொல்லுங்க சார்!” என்று எழப்போனேன். உங்கள் தங்கை என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. நடுவர் அம்மா நிதானமாக, “இறக்கணும்னு எங்கேயும் எழுதலையே சார். எல்லைக்குள்ள இருக்கா, தரையில படலையா, அவ்வளவுதான் பாக்கணும்” என்றார். உடனே வாத்தியார், டேப் ஒட்டியது மட்டும் செல்லுமா என்று வேறு கேட்டார். “ஆட்டத்துக்கு முன்னாடி நான் எடை போட்டப்பவே இருந்ததும்மா, யாரோ ரொம்ப சுத்தமா ஒட்டியிருந்தாங்க” என்று பரிசோதித்த தம்பி சொன்னார். பெருமைப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து பெட்டிக்கும் ஐம்பது! வயிற்றில் பாலை வார்த்தார் அந்த அம்மா. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு பிள்ளைகள் டேப்பைப் பிரித்து, கதவைத் திறந்து பார்த்தார்கள். மூன்று பெட்டி உருண்டு தரைக்குப் போனது. டேப் இல்லாவிட்டால் இருபதோடு வீட்டுக்கு வந்திருப்போம். வீடு திரும்பும்போது ஆட்டோவில் உங்கள் மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாகப் பேசினாள். “நீங்க சொன்னதும் தப்புப்பா, ஒட்டினதும் தப்பு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி எங்களை விட்டுடுச்சு.” சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீடு வரும்வரை நான் அசையவில்லை. இனி விதிப்புத்தகத்தைத் தொடமாட்டேன், விதிகளைப் பற்றி வாய் திறக்கமாட்டேன், டேப்போடு வண்டியின் கிட்டே போகமாட்டேன் என்று மூன்று பேருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மனசு லேசாகிவிட்டது.

ஆகவே மாடி அறையைத் துடைக்க வேண்டாம், பாயை இறக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசிகளும். உங்கள் வீட்டில் சாமான்களும் மனிதர்களும் சேதமில்லாமல் சேர வேண்டிய இடம் சேரட்டும்.

இப்படிக்கு,
இன்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்ட உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். எதிரணி வாத்தியார் கிளப்பிய தகராறில், இறுதிச் சுற்றுக்கு விதியை மாற்றிவிட்டதாகச் சாயங்காலம் அறிவிப்பு வந்தது. வண்டிக்குள் இருக்கும் பெட்டி இனிக் கணக்கில்லையாம், இறக்கி வைத்தால்தான் மதிப்பெண்ணாம். நான் சத்தியத்தை மதித்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் மருமகள் தானாக வந்து விதிப்புத்தகத்தை என் மடியில் போட்டு, “அப்பா, உருண்டு விழாம எப்படிப்பா இறக்கறது? உங்க ஆபீஸ்ல எப்படிப் பண்ணுவீங்க?” என்று கேட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக் காலையில் மூன்று பேருக்கும் செய்து காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். நான் கவுன்ட்டரில் ஒட்டி, எடை போட்டு, ரசீது கிழிப்பவன், சரக்கு இறக்குகிற பின்பக்கத்துக்கு முப்பது வருடத்தில் ஒருநாளும் போனதில்லை என்பதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மாடி அறையைத் துடைத்தே வையுங்கள்.