குறை சொன்னவரே திருத்துக

உலகம் எப்படியோ போகட்டும், என் வலைத்தளத்தையாவது திருத்திவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன்.

பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து மாற்றலாம்; மாற்றத்துக்குச் சம்மதம் சொல்பவன் எங்கள் குழுவிலுள்ள ஒரு பிரேசில்காரன். உருகுவேயின் தலைநகர் மொந்தெவிதேயோவில் படித்த காலத்தில் நானும் நண்பர்களும் தொடங்கியது. தளமும் அந்தக் காலத்ததுதான். மஞ்சள் பின்னணி, கண் சிமிட்டும் ஆள்காட்டிக் குருவி.

"மில்டன், ரென்சோவைக் குளிப்பாட்டணும். கூட வந்து நில்லேன். வழுக்கிடுவானோன்னு பயமா இருக்கு" என்பாள் என் மனைவி நிபியா.

"இந்த மெனுவை முடிச்சிட்டு வரேன்."

குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்தது. மெனு முடியவில்லை.

ஒருவழியாக முடித்து அவளிடம் காட்டினேன்.

"அழகா இருக்கு. மென்பொருளை இறக்குற பொத்தான் எங்க?"

"கீழே."

"எவ்வளவு கீழே?"

"உருட்டிக்கிட்டே போகணும்."

"அதுக்குள்ள பறவை பறந்துடும்."

சுருக்கென்றது எனக்கு. "இதோ பாரு, எங்க கூட்டத்துல ஒரு சட்டம். குறை சொன்னவங்கதான் திருத்தணும். பிரேசில்காரன் சொன்னாலும் சரி, பெண்டாட்டி சொன்னாலும் சரி."

"வீட்டுக்கும் அதே சட்டமா?"

"எங்கேயும் அதேதான்!" வெற்றிப் பெருமிதத்தில் சுடச்சுட மாத்தே தேநீரை உறிஞ்சினேன். நாக்கு சுட்டது.

மறுநாள் என் கணினிக்குப் பக்கத்திலேயே குளியல் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கா வாய் சும்மா இருக்கும்?

"தண்ணி ஆறிப்போச்சு பாரு. தலையைத் தாங்கு. ஐயையோ, காதுல சோப்பு!"

"மூணு குறை" என்றாள். ஈரக் குழந்தை என் கைக்கு வந்தது. "திருத்து."

"எனக்குப் பயமா இருக்கே!"

"எனக்கு மட்டும் என்னவாம்? பயப்படாதே, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தாள். என் நாற்காலியில், என் கணினி முன்னால். கன்னியர் பள்ளியில் சிஸ்டர்கள் அவளுக்குத் தையலோடு கணினியும் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் என் கைகள் இரண்டிலும் ரென்சோ.

ரென்சோ சிரித்தான். தினமும் என்னிடமே குளித்தான். பொத்தான் மேலே ஏறியது. பிரேசில்காரன் உடனே சம்மதம் சொல்லிப் பாராட்டும் அனுப்பினான்.

நேற்று 'எங்கள் குழு' பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி: நிபியா, வலைத்தளம். என் பெயரைத் தேடி உருட்டினேன். உருட்டிக்கொண்டே போனேன்.

குறை சொல்ல வாய் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டேன்.

கடைசி வரி: மில்டன், குளியல் பிரிவு.