மீட்டிங்கிடம் திருடிய பேச்சு

கேட்பதற்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தாலும் அதைப் பொதுக்கூட்டமாக ஆக்கிவிடக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரை எங்கள் ஊரில் மீட்டிங் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பேச்சை நான் திருடிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் சரித்திரம் நடத்தி, ஓய்வு பெற்று, பிரஷர் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு செய்த திருட்டு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

ஆந்திராவில், புத்தூரிலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். மீட்டிங்குக்கு விசைத்தறியில் வேலை. அவர் மகள் பத்தாவது பாஸாகி, புத்தூர் ஜூனியர் காலேஜில் சேர்ந்த அதே வருடம் காலை பஸ் நின்றுபோனது. பெண் மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் பஸ் பிடித்துப் போவதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவள் அம்மா, படித்தது போதும், தறி ஷெட்டுக்கே வரட்டும் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

கிராமசபையில் பஸ் கேட்டுப் பேசுவது என்று மீட்டிங் முடிவு செய்தார். மனு எழுதித் தருகிறேன் என்றேன். ஒப்பவில்லை.

"பேப்பர் குட்தா பைலுல போயி பட்துக்கும் சார். பேசினாத்தான் காதுல போயி குந்தும்."

சிக்கல் என்னவென்றால், தெருவில் எவ்வளவு பேசினாலும் மைக்கைப் பிடித்தால் அவருக்குப் பேச வராது. முந்தைய சபையில் எழுந்து, மைக்கை வாங்கி, வணக்கம் சொல்லி, மைக்கோடு உட்கார்ந்துகொண்டவர் அவர். அதைத் திரும்ப வாங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமசபையில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அதிகாரிகள் உட்காரும் மேடையைப் பார்த்தால் தெலுங்கில் பேச வேண்டும். ஜனத்தைப் பார்த்தால் தமிழில் பேச வேண்டும். மீட்டிங் யாருக்கும் குறை வைக்காதவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் மேடைக்கு ஒருமுறை, ஜனத்துக்கு ஒருமுறை சொல்வது என்று வைத்துக்கொண்டார். பத்து நிமிடப் பேச்சு இருபது நிமிடமானது. நடுவில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பது மறந்துவிட்டால், இருவருக்கும் பொதுவாக வேப்பமரத்தைப் பார்த்து இன்னொருமுறை சொல்வார். முப்பதாகிவிடும்.

முதலில் தறி ஷெட்டில் பேசிப் பழகினார். எட்டுத் தறி ஓடும் இரைச்சலில் எவ்வளவு தப்பாகப் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பது அவர் கணக்கு. கூச்சம் போய்விட்டது. ஆனால் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. என் வீட்டு ஹாலில் வந்து, "பெரியோர்களே" என்று ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் அவசரமாக ஓடிவந்து, எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்.

அமைதியான இடத்தில் பழகுங்கள், எழுந்து போகாத ஜனமாகப் பாருங்கள் என்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே, புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடத்துக்குப் போய்விட்டார். அங்கே வராந்தா நிறையக் கால் உடைந்தவர்கள். ஒருவராலும் எழுந்து போக முடியாது. நின்று இருமொழியிலும் முழுப்பேச்சையும் பேசியிருக்கிறார். ஆரணியிலிருந்து வந்த ஒருவர், "காலுதாம்பா ஒடைஞ்சிது, காத ஏன் ஒடைக்கிற" என்று கேட்டாராம். இன்னொருவர் பேச்சு முடிவதற்குள் ஊன்றுகோல் இல்லாமலே நடந்து போய்விட்டதாகவும், அதனால் வைத்தியத்துக்கு நல்ல பெயர் வந்ததாகவும் ஊரில் ஒரு பேச்சு. நான் நேரில் பார்க்கவில்லை.

பிறகு திருமலை. மகளையும் அழைத்துக்கொண்டு தரிசனத்துக்குப் போனவர், காத்திருக்கும் ஹாலில் ஐந்து மணி நேரத்தை வீணாக்க மனம் வராமல் எழுந்துவிட்டார். மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் யாரோ கோவிந்தா போட, ஹாலே கோவிந்தா போட்டது. அடுத்த வாக்கியம் சொல்லி நிறுத்தினார். மறுபடியும் கோவிந்தா. மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "நைனா, குந்து நைனா" என்று வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாளாம். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். திரும்பி வந்து சொன்னார்: "சேலத்துக்காரரு ஒருத்தரு, அவங்க ஊருக்கும் சேத்து ஒரு பஸ்ஸு கேக்கச் சொன்னாரு சார்."

ஆறு மாதம் அந்தப் பேச்சை வாரம் இரண்டு தடவை கேட்டேன். நாளாக ஆக அது நன்றாகிக்கொண்டே வந்தது. அதில் ஒரு வரி உண்டு: "எங்க ஊருல படிப்பு மூணு கிலோமீட்டரு தள்ளி நிக்குது. அது நம்மள பாத்து வராது. நம்ப பொண்ணுங்கதான் அத்தப் பாத்து நடக்குது." அதை நான் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இல்லை.

கிராமசபை நாள் வந்தது. படித்தவர், பெரியவர் என்று வழக்கம்போல் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் ஏறினேன். மைக்கைப் பிடித்ததும் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நாக்கில் இருந்தது அவருடைய வரி. சொன்னேன். கைதட்டினார்கள். கல்லூரியில் ஒருநாளும் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அடுத்த வரியையும் சொன்னேன். அவர் நிறுத்தும் இடங்களிலெல்லாம் நிறுத்தி, முழுவதையும் பேசிவிட்டேன்.

மூன்றாவது வரிசையில் அவர் புதுச் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து அவர் உதடும் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. அதைப் பார்த்த பிறகும் நான் பேசினேன்.

அவர் பெயரைக் கூப்பிட்டபோது ஏறி, "சார் சொல்ட்டாரு" என்று மட்டும் சொல்லி இறங்கினார். எனக்குச் சால்வை போட்டார்கள். பத்து நாளில் காலை பஸ் வந்தது.

மீட்டிங் பேசுவதை விட்டுவிட்டார். தெருவில் பார்த்தால் கும்பிடுவார், போய்விடுவார். அவர் மகள் பஸ் ஜன்னலிலிருந்து, "தேங்க்ஸ் சார்" என்று கத்திவிட்டுப் போவாள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

சால்வையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். செய்தது தப்பு, இது உங்களுடையது என்றேன். நெய்கிறவர் அல்லவா, கரையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நூலு மட்டம் சார். ரெண்டு தண்ணி தாங்காது. நீங்களே வெச்சுக்கங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "பஸ்ஸு வந்துச்சு இல்ல, உடுங்க."

அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த கிராமசபையில் என்னை முதலில் கூப்பிட்டபோது ஏறி, மேடைக்குத் தெலுங்கிலும் ஜனத்துக்குத் தமிழிலும் ஒன்றையே சொன்னேன்: போன தடவை நான் பேசியது என் பேச்சு இல்லை, திருடியது, அதற்கு உரியவர் அதோ நிற்கிறார். யாரோ சிரித்தார்கள். யாரோ, "அதான பாத்தேன்" என்றார்கள். மீட்டிங்கைப் பிடித்துத் தள்ளி மேடையேற்றினார்கள்.

அவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கிற காலை பஸ்ஸைக் கேட்டு மறுபடியும் அதையே ஆரம்பித்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. மண்டல அதிகாரி குழம்பிப்போய், "பொத்துன பஸ்ஸு உந்தி கதா?" என்று கேட்டார். காலை பஸ் இருக்கிறதே என்று அர்த்தம்.

மீட்டிங் நின்றுபோனார். என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"உந்தி சார்," என்றார் அவர். குரல் தறி ஷெட்டு அளவில் இல்லை. "பொத்துன தீஸ்கபோதாதி. சாயந்திரம் தீஸ்கொச்சேதெவரு?" அப்புறம் ஜனத்தின் பக்கம் திரும்பினார். "காத்தால இட்டுகினு போவுது. சாயங்காலம் யாரு இட்டுகினு வரது? எம்பொண்ணு இருட்டுல நடந்து வந்துகினு கீறா."

அந்த இடத்தில் நிறுத்தினார். மண்டல அதிகாரி பேனாவை எடுத்தார். அப்படி ஒரு வரியை ஆறு மாதத்தில் நான் கேட்டதேயில்லை.

இப்போது சாயங்கால பஸ்ஸும் வருகிறது. மீட்டிங் தெருவிளக்குக்கு ஒரு பேச்சுத் தயார் செய்துகொண்டிருக்கிறார். ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து பேசிக் காட்டுகிறார். ஆரம்பிக்கும் முன், "சார், இத்த வேற எங்கியும் பேசிட மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஒரு வாரம்கூடக் கேட்காமல் விட்டதில்லை. அவர் வருவது ஐந்து மணிக்கு. நான் நாலு மணிக்கே வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.