கரண்டியக்காவின் நாற்பது நிமிடம்

கோவையில் எங்கள் அடுக்ககத்தின் ஐந்து குடும்பங்கள் இன்றுவரை பிரியாமல் சேர்ந்திருக்கின்றன என்றால், அதற்கு ஒரே காரணம் கரண்டியக்கா. ஜாதகம் பார்த்தவர்கள், பெண் பார்த்தவர்கள், சீர் செய்தவர்கள் யாருக்கும் இதில் துளியும் பங்கில்லை.

எங்கள் வீட்டுப் பிரச்சினை சின்னதுதான்; அகலம் ஒன்றரை அடி. அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கும் கரண்டி டிராயர். பெரியதில் தொடங்கிச் சிறியதுவரை நீளவாரியாக அடுக்கவேண்டும் என்பது என் கட்சி. என் மனைவி கோமதிக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை. அவிநாசியிலிருந்து சீராக வந்த, அவள் அப்பா பெயர் வெட்டிய கரண்டிகள் முன்வரிசையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, எங்கப்பா பேரு மூலையில கெடக்குது. உங்கூட்டுத் தோசைத் திருப்பி முன்னாடி சட்டமாப் படுத்திருக்குது. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

தோசைத் திருப்பி நீளமாக இருக்கிறது என்பதுதான் அர்த்தம். அதைச் சொன்னால் இரண்டு நாளைக்குப் பேச்சு இருக்காது.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டுச் சமையலுக்குக் கரண்டியக்கா வந்தார். ஏற்கெனவே நான்கு வீடுகளில் சமைத்துவிட்டு, ஐந்தாவதாக எங்கள் வீடு. வீட்டிலிருந்தே எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்த முதல் நாளை நேரில் பார்த்தேன். எத்தனை பேருக்குச் சமையல், காரம் எப்படி, எதையும் அவர் கேட்கவில்லை. நேரே டிராயரைத் திறந்தார்.

"இதென்னங்க சார், சந்தக்கடையாட்ட இருக்குது?"

அத்தனையையும் மேடைமேல் கொட்டினார். இடது ஓரம் குழிக்கரண்டி, பக்கத்தில் தோசைத் திருப்பி, அப்புறம் ஜல்லிக்கரண்டி, வலது கோடியில் வடிகட்டி. பிடியெல்லாம் வெளிப்பக்கம். என் நீளமும் போயிற்று, அவிநாசியும் போயிற்று.

"என்ற கண்ணு அடுப்பு மேல இருக்கோணுமுங்க. கை தானாப் போயி எடுக்கோணும். இனி இதுல யாரும் கை வெக்கப்படாதுங்க."

என் வீட்டிலேயே என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் மிரட்டியதில்லை.

ஞாயிறு அவருக்கு விடுமுறை, எங்களுக்கு விடுதலை. காலையில் நான் நீளவாரியாக அடுக்குவேன். மத்தியானம் கோமதி அவிநாசியை முன்னால் கொண்டுவருவாள். திங்கட்கிழமை டிராயரைத் திறந்ததும் தீர்ப்பு வரும்.

"நேத்து சாரு தொட்டிருக்காருங்க. அதுக்கு மேல அம்மணி தொட்டிருக்குதுங்க."

தண்டனை, உப்புமா. அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு.

ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். அவர் மனைவி ஊரில் இல்லை. அவரே டீ போட்டார். பேச்சு சுவாரசியத்தில் நான் பார்க்காமலே அவர் டிராயருக்குள் கைவிட்டு, வடிகட்டியை எடுத்து நீட்டினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"உங்கூட்லயும் அக்காதானுங்களா?"

"ஆமாங்க. உப்புமாவும் உண்டுங்களா?"

"வாரம் ஒருக்கா."

விசாரித்ததில் ஐந்து வீட்டிலும் ஒரே டிராயர். ஐந்து வீட்டிலும் எங்களுடையது போலவே சண்டை இருந்து, அக்கா வந்த பிறகு எல்லாத் தம்பதிகளும் அவருக்கு எதிராக ஒன்று சேர்ந்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் என் மாமனார் அவிநாசியிலிருந்து வந்தார். அப்பா கண்ணில் படட்டும் என்று கோமதி அவர் பெயரை முன்வரிசைக்கு மாற்றிவிட்டாள். அக்காவுக்குத் தெரியாது. எண்ணெயில் கடுகு வெடித்தபோது அவர் கை தானாகக் குழிக்கரண்டிக்குப் போனது. வந்தது உருளைக்கிழங்கு சீவி. மறுபடி போனது, பாயச ஸ்பூன் வந்தது. அதற்குள் கடுகு கருகி, மிளகாயும் கருகி, மாமனார் உட்பட வீடே தும்மியது.

அக்கா சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மிளகாய் நெடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அன்னூர் பக்கத்துல ஊடு கட்டிட்டிருக்கறனுங்க அம்மணி. பூசுன செவுத்துக்கு நாந்தான் போயித் தண்ணி ஊத்தோணும். அஞ்சூடுங்க, ஊட்டுக்கு நாப்பது நிமிசம். தேடிட்டு நின்னா பஸ்ஸு போயிருமுங்க. செவுரு காஞ்சு வெடிச்சுப்போடும்."

இத்தனை நாள் அவருக்குப் பிடிவாதம் என்று நினைத்துச் சிரித்தது எனக்கே வெட்கமாக இருந்தது. கோமதி அப்பா பெயர் வெட்டிய கரண்டிகளை எடுத்து, அக்கா வைத்திருந்த இடத்திலேயே வைத்தாள். மாமனார் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"சோறு கெடக்குது, அப்பறம் பாத்துக்கலாம். வாங்கம்மணி, பஸ் ஸ்டாண்டுல உட்டுப்போட்டு வாரேன்."

அதற்குப் பிறகு அந்த டிராயரை நாங்கள் மாற்றவே இல்லை. உப்புமாவும் நின்றது.

வீடு முடிந்தது. பத்திரிகை எதுவும் அடிக்காமல், வாய்மொழியாகவே எல்லோரையும் அக்கா கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தார். ஐந்து குடும்பமும் சேர்ந்து கரண்டி செட் ஒன்று வாங்கினோம். கடைக்காரர், "பேரு என்னன்னு வெட்டறதுங்க?" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து கைப்பேசியிலும் அவர் கரண்டியக்காதான். தினமும் அவர் கையால் சாப்பிட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, "கரண்டியக்கா" என்றே வெட்டச் சொன்னோம்.

புதுவீட்டு வாசலில் "மரகதம் இல்லம்" என்று எழுதியிருந்தது. தப்பான வீடு என்று ஐந்து குடும்பமும் திரும்பி நடந்தோம்.

"ஏனுங்க சார், சாப்புடாம எங்கீங்க போறீங்க?" என்று மரகதக்கா பின்னாலேயே ஓடிவந்தார்.

உள்ளே போனதும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு சமையலறைக்குத்தான் போனோம். டிராயரே இல்லை. ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் கரண்டியும் ஸ்பூனும் தலைகீழாகக் குவிந்து கிடந்தன. நாங்கள் கொடுத்த செட்டையும் பிரித்துப் பார்த்து, பெயரைப் படித்துச் சிரித்து, அதற்குள்ளேயே போட்டார்.

"இதென்னங்கக்கா, சந்தக்கடையாட்ட இருக்குது?" என்றாள் கோமதி.

"இது என்ற ஊடுங்களே அம்மணி. இங்க எனக்கு என்னங்க அவசரம்? நெதானமாத் தேடிக்குவேன்."

பாயசம் வந்தது. ஸ்பூனுக்காக நானே கூடைக்குள் கைவிட்டேன். மரகதக்கா பக்கத்தில் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் சும்மா நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஸ்பூன் கையில் கிடைத்த பிறகும், இன்னும் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.