தன்னைத் தானே கூப்பிட்ட அண்ணாச்சி

பொதிகை மலையில் தாமிரபரணி பிறக்கும் இடத்திலிருந்து அது கடலில் போய்ச் சேரும் இடம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், "நான் இருக்கேனா?" என்று தன்னைத் தானே கேட்டு, பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்கும் மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பிங் அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் புது விரிவுரையாளன். அங்கே கணினி ஆய்வகத்தைக் கட்டிக் காத்தவர் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் டெஸ்டர், கையில் மல்டிமீட்டர். பதினோரு கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஒரே ஒரு கறுப்புக் கேபிள் சுவரோரமாக ஓடும். அது எங்காவது ஓரிடத்தில் மக்கர் பண்ணினாலும் பதினோரு பேரும் ஊமையாகிவிடுவார்கள்.

பிங் என்பது ஒரு கட்டளை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றை "இருக்கியா?" என்று கூப்பிடுவது. இருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். கோளாறு என்றால் எல்லாரும் நேரே, எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் தலைமைக் கணினியான சர்வரைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சி மாட்டார். முதலில் கணினி தன்னைத் தானே கூப்பிட வேண்டும். பிறகு தன் முகவரியை. பிறகு பக்கத்து மேசையை. அதற்கப்புறம்தான் சர்வர்.

ஒருநாள் துறைத் தலைவரின் அறையில் தனிக் கேபிளில் இருந்த கணினிக்கு இணைப்பு கிடைக்கவில்லை. கேபிள் கழன்று தரையில் கிடப்பது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. அண்ணாச்சி நிதானமாக உட்கார்ந்து பிங் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒயரு கீழ கெடக்குல்லா!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன். மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா வே? கல்லிடைக்குறிச்சியில எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகை சாஸ்தாவுக்கு. அப்புறம் சொந்த வீடு, அப்புறம் பக்கத்து வீடு. பக்கத்து வீட்ட விட்டுட்டு பம்பாய்க்குத் தபால் போட்டா வெளங்குமா?"

கால் மணி நேரம் கழித்துத் தரைக்கு வந்தார், கேபிளைப் பார்த்தார், "ஒயரு கழண்டுருக்கு" என்று புதிதாகக் கண்டுபிடித்தவர் போல அறிவித்தார். துறைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் உப்பில்லை என்று சும்மா சொல்லிவிட மாட்டார். முதலில் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார், நாக்கு சரியாக இருக்கிறதா என்று. "கல்யாணமாயி இருவது வருசமா என் சமையல நம்பாம, தன் நாக்கையும் நம்பாம ஒரு மனுசன்" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டிருக்கிறார். வெளியூருக்குப் போன் போட வேண்டுமென்றால் முதலில் தன் வீட்டு நம்பரையே தன் போனிலிருந்து சுற்றுவார். எங்கேஜ்டு சத்தம் வரும். "சரி, நான் இருக்கேன்" என்று திருப்தியாக வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வெளியூர்.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. கோளாறு என்ன, காரணம் என்ன, பொறுப்பு யார் என்று மூன்று பத்திகள். தயவு தாட்சண்யம் கிடையாது. "முதல்வர் நாற்காலியை நகர்த்தும்போது கேபிளை மிதித்தது" என்றுகூட ஒரு வரி இருந்தது. என் பெயர் நான்கு இடங்களில். அதனாலேயே கல்லூரிச் செயலாளருக்கு அந்த நோட்டு வேதவாக்கு.

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. காலை ஒன்பது மணிக்குக் கணினிகளைப் போட்டால், பதினொன்றும் ஒன்றோடொன்று பேசவில்லை. மாணவர்கள் எழுதிய நிரல்கள் எல்லாம் சர்வரில். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்து அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எவன் செஞ்சிருந்தாலும் சரி, எவ செஞ்சிருந்தாலும் சரி, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புதேன். நோட்டுல பேரு வரட்டும்!"

அண்ணாச்சி உட்கார்ந்தார். தன்னைக் கூப்பிட்டார், பதில் வந்தது. தன் முகவரியைக் கூப்பிட்டார், வந்தது. பக்கத்து மேசையைக் கூப்பிட்டார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு கட்டளை கொடுத்து, கணினியைக் கேபிளோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டின் கணக்கைப் பார்த்தார். அனுப்பியதில் பிழைகள் ஏறிக்கொண்டே இருந்தன.

"கார்டு உசுரோடதான் இருக்கு. கூப்பிடத்தான் செய்யுது. போற வழியிலதான் தகராறு."

கேபிளைப் பிடித்தபடி பைய நடந்து ஜன்னலோரக் கடைசிக்கு வந்தார். அந்தக் கேபிளின் இரண்டு முனைகளிலும் விரல்நுனி அளவில் ஒரு உலோக மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகும் செய்தி முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். மூடி இருந்தது. ஆனால் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது.

"இது எப்பம் இப்பிடி மின்ன ஆரம்பிச்சுது?"

"நாந்தான் அண்ணாச்சி!" பெருமையோடு முன்னால் வந்தார், ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் இசக்கியம்மாள். "பூசைக்கு வெளக்கு எல்லாத்தையும் புளி போட்டு வெளக்குனேன். இது மட்டும் அழுக்கடைஞ்சு கெடந்துச்சு. இதையும் கழத்தி, புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேச்சு மாட்டிட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருஷன் இல்லாத வீடு, பத்தாம் வகுப்பில் ஒரு மகள், இந்த ஒரு சம்பளம்.

அண்ணாச்சி மூடியைக் கழற்றினார். உள்ளே நடுவிலிருக்கும் சின்ன ஊசியைச் சுற்றிப் புளியும் சாம்பலும் காய்ந்து அப்பியிருந்தன. இசக்கியம்மாள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி அதை வைத்தே சுரண்டி, ஊதி, மீட்டரில் அளந்து, திரும்ப மாட்டினார். மறுபடியும் முதலிலிருந்து பிங். பக்கத்து மேசை பதில் சொன்னது. சர்வர் பதில் சொன்னது. திரை முழுக்க வரிசையாகப் பதில்கள் ஓடின. பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது.

"நோட்ட எடும்வே" என்றார் செயலாளர்.

நான் அண்ணாச்சியின் காதில் கிசுகிசுத்தேன். "அண்ணாச்சி, எலி கடிச்சுதுன்னு எழுதிருங்க."

"நோட்டுல பொய் எழுத மாட்டேன் வே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நோட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பேன். அண்ணாச்சி பேனா மூடியைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதி நீட்டினார். செயலாளர் வாசித்தார். காரணம்: முனை மூடியைக் கழற்றிப் புளி போட்டு விளக்கியது. பொறுப்பு என்ற பத்தியில் அண்ணாச்சியின் சொந்தப் பெயர்.

"என்னவே இது? நீரா புளி போட்டு வெளக்குனீரு?"

"இல்ல சார். இது இன்னதுன்னு, தொடக்கூடாதுன்னு, இந்த ரூமுக்கு வாற அத்தன பேருக்கும் சொல்லிருக்கேன். தெனமும் மொத ஆளா வந்து கதவத் தொறக்கது இந்த அம்மா. அவளுக்குச் சொல்லல. மொத வீட்டையே விட்டுட்டேன் சார். எங்கிட்டயே கேட்டுப் பாத்தேன், தப்பு என்னுதுதான்."

அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பினால் மதியத் தேர்வு நடக்காது என்பது செயலாளருக்குத் தெரியும். "அப்ப அடுத்த பூசைக்கு நீரே வெளக்கும்!" என்று உறுமிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் அண்ணாச்சி நிஜமாகவே குழாயடியில் குந்தி உட்கார்ந்து விளக்குத் துலக்கினார். தேய்ப்பது சரியில்லை என்று இசக்கியம்மாள் அவரைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லூரியை விட்டு நான் வந்து பல வருஷமாகிவிட்டது. வீட்டிலோ வேலையிலோ எதுவும் கெட்டுப்போனால் அடுத்தவரை நோக்கி என் விரல் தானாக நீளும். பாதி வழியில் அண்ணாச்சி ஞாபகம் வந்து மடங்கிவிடும். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

போன வாரம் அவர் உடம்புக்கு முடியவில்லை என்று யாரோ சொன்னார்கள். பதறிப்போய் அவர் வீட்டு நம்பரைச் சுற்றினேன். எங்கேஜ்டு. ஐந்து நிமிஷம் கழித்துச் சுற்றினேன், அப்போதும் எங்கேஜ்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். மனசு நிறைந்துபோயிற்று. அண்ணாச்சி இருக்கிறார்.