முறுக்கு உழக்கு மைக்

திருநெல்வேலிச் சீமையில் மனிதர்கள் இரண்டு வகை. ஒரு பொருள் வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கி வந்து, அது கெட்டுப்போகும் நாள்வரை நிம்மதியாக இருப்பவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாக இருக்கட்டும். இரண்டாம் வகை, அதே பொருளைக் கடையில் கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, காதருகே ஆட்டிப் பார்த்து, அடியில் எத்தனை திருகாணி என்று எண்ணி, கடைக்காரர் பில் போடக் குனியும் நேரத்தில் "இருக்கட்டும் அண்ணாச்சி, சும்மா பாத்தேன்" என்று வைத்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை "இதுக்குள்ள அப்படி என்ன இருக்கு? நாமளே செஞ்சிரலாமே" என்று முணுமுணுத்துக்கொண்டு வருகிற கூட்டம். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் தானேசெய்வார்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. கட்டைவிரலில் ஈயம் பற்றவைத்தபோது சுட்டுக்கொண்ட தழும்பு இருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, பிரித்ததைத் திரும்ப மாட்டியபோது மிஞ்சிய திருகாணிகள் இருக்கும். கேட்டால், கம்பெனிக்காரன் அநாவசியமாகப் போட்டது என்பார். அடுக்களையில் எப்போதும் ஏதாவது ஒரு பாத்திரம் காணாமல் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஒரு நிமிஷம்" என்பார். அவருடைய ஒரு நிமிஷம் மூன்று நாளில் தொடங்கி அடுத்த பங்குனி வரைக்கும் போகும். இவ்வளவு விவரம் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இந்த இலட்சணம் அத்தனையும் பொருந்திய ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். பெயர் அருமைநாயகம். முப்பது வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றதால் ஊருக்கே அவர் சார்வாள். அவருடைய மனைவி சாலோமி, கோயில் பாடகர் குழுவில் தனிக்குரல் பாடுகிறவர். கிறிஸ்துமஸ் கீர்த்தனையில் அந்த அம்மாள் மேல்ஸ்தாயிக்கு ஏறப்போகிறார் என்றால், பாடகர் குழுத் தலைவர் கையைக் காட்டி மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லுவார். அவ்வளவு வேர்வையிலும் யாரும் முணுமுணுத்ததில்லை.

அந்தச் சாலோமிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "ஆனா குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுது. குரல் கொஞ்சம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம்" என்று, இன்று மழை வரலாம் என்பதுபோலச் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

பெங்களூரிலிருந்து மகள் சுகிர்தா கூப்பிட்டாள். "அப்பா, அம்மா பாட்டை எடுத்து வச்சிருங்க. போன்லயே எடுத்தாப் போதும்."

போதுமாமே! அருமைநாயகம் கொதித்துப்போனார்.

"உங்கம்மா குரலைப் போன்ல எடுக்கவா? தகர டப்பாவைத் தட்டுன மாதிரில்லா இருக்கும்! வால்வு மைக் வேணும்ட்டி. நானே செய்யுதேன். அதுக்குள்ள அப்படி என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்றால், தங்கம் பூசிய மெல்லிய தாள் ஒன்று இருக்கிறது. பாடினால் அது அதிரும். அந்த அதிர்வைப் பெருக்கிக் கொடுக்க, பழைய வானொலிப் பெட்டிக்குள் கனல் மாதிரி எரியுமே, அந்த வால்வு என்கிற கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கிறது. வால்வுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் தலைவலி.

வால்வு, மேலப்பாளையத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் மீரா முகைதீனின் பரணிலிருந்து வந்தது. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். தங்கத்தாள் கூரியரில் வந்தது. மைக்குக்கு உடம்பு? மூன்று நாள் வீட்டைச் சுற்றி வந்த அருமைநாயகத்தின் கண், அடுக்களை அலமாரியில் இருந்த, முறுக்கு பிழிகிற பித்தளை உழக்கின்மேல் விழுந்தது. கனமான பித்தளை, அடியில் அழகாக ஓட்டைகள். பாட்டு உள்ளே போக அதைவிட நல்ல வாசல் உண்டா? சாலோமி ஊறவைத்த அரிசியைக் களைந்துவிட்டுத் திரும்புவதற்குள் உழக்கின் பக்கவாட்டில் மூன்று துளை போட்டாகிவிட்டது.

"ஒண்ணு சொல்லுதேன் சாலோமி. இது முடியுற வரைக்கும் போன்ல கீன்ல பாடிராத. மொத மொத நம்ம மைக்லதான்" என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். சாலோமியும் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முறுக்கு உழக்கு இல்லாமல்கூட இருக்கலாம், வாதாட முடியாது என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்.

முதல் சோதனையில் மைக் "ம்ம்ம்ம்" என்றது. இயற்பியல் வாத்தியார் அல்லவா, சும்மா இருப்பாரா? குளிர்சாதனப் பெட்டிதான் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதன் வயரைப் பிடுங்கினார். இட்லி மாவு புளித்துப் பொங்கித் தரைக்கு வந்தது, "ம்ம்ம்ம்" போகவில்லை. எர்த் சரியில்லை என்று முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, கம்பி இறக்கி, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அந்த வருஷம் முருங்கை காய்த்த காய்ப்பு இருக்கிறதே, தெருவுக்கே விநியோகம். கடைசியில் டிரான்ஸ்பார்மரை மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தது தெரிந்தது. மூன்றடி தள்ளி வைத்தார். "ம்ம்ம்ம்" போய்விட்டது.

அடுத்து "சடசட". அது, தொடக்கூடாத இடத்தை விரலால் தொட்டதால் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு. யார் விரல் என்று கேட்பானேன்? ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஈரம் போக மைக்கை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். சடசட போய், அதன்பின் ஒருநாள் மைக் தானாகவே பேச ஆரம்பித்தது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைச் சொல்லி, பிசான நெல் சாகுபடிக்கு வாழ்த்தும் தெரிவித்தது. உழக்கை எர்த் கம்பியோடு சேர்க்காமல் விட்டதால் அது வானொலியைப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் அருமைநாயகம் முகத்தில் இருந்த பெருமை, மகள் பிறந்த அன்றுகூட இருந்ததில்லை என்று சாலோமியே சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு சோதனையும் முறைப்படி கணினியில் பதிவாகும். "ஹலோ, ஹலோ. அருமைநாயகம் பேசுகிறேன். சோதனை பதினேழு. ஒன்று, இரண்டு, மூன்று." பேசிவிட்டு மைக்கை அப்படியே ஓடவிட்டு, அமைதி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் சாலோமி, வெங்காயம் உரித்துக்கொண்டே, தன்னை மறந்து, ஏதாவது ஒரு கீர்த்தனையை எடுப்பார்.

"சாலோமி! இங்கன டெஸ்ட் நடக்கு! கொஞ்சம் சத்தம் காட்டாம இருக்கியா?"

அடுக்களை அடங்கிவிடும்.

நாலாவது வாரம் மீரா முகைதீன் வந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். "சார்வாள், மைக்கு பளிங்கு மாதிரில்லா இருக்கு! அக்காவக் கூப்பிட்டுப் பாடச் சொல்லும். சோலி முடிஞ்சிது."

"அடியில பைய ஒரு 'ஸ்ஸ்' கேக்கலியா வே?"

"அது மைக்கு இல்ல சார்வாள், ஒம்ம வயசு."

தானேசெய்வாரிடம் சொல்லக்கூடாத ஒன்று உண்டு என்றால், அது வேலை முடிந்துவிட்டது என்பதுதான். முடிந்துவிட்டால் அப்புறம் அவர் என்ன செய்வார்? அருமைநாயகத்துக்கு இதில் வேறொன்றும் இருந்தது. மைக் முடிந்தால் சாலோமி பாடவேண்டும். பாடி முடித்தால் திங்கட்கிழமைதான் பாக்கி. பயந்துகிடந்தார் மனுஷன். அந்தப் பயத்துக்கு "ஸ்ஸ்" என்று பெயரிட்டு இன்னும் இரண்டு வாரம் தேடினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாலோமி வெந்நீர் குடித்துவிட்டு, கோயிலுக்கு உடுத்திய பட்டுச்சேலையோடு மைக் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடி முதல் வரியைப் பாடினார்.

"ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கினார் அருமைநாயகம். "அந்த 'ஸ்ஸ்' இன்னும் இருக்கு. வால்வைக் கொஞ்சம் அழுத்தி விட்டாப் போதும்."

அழுத்தினார். உழக்குக்குள் "டப்" என்று ஒரு சத்தம். கனல் அணைந்தது. வேறு வால்வு சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும்.

சாலோமி அசையவில்லை. "அப்ப போன்லயாவது எடுங்களேன்."

"ஆறு வாரம் மண்டைய ஒடச்சது போன்ல எடுக்கவா? போயிட்டு வா. வந்து பாடுவ."

"வந்து பாடுவேன். யாரு குரல்ல?" என்று கேட்டுவிட்டு, சாலோமி ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்க எழுந்து போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கட்டியும் சாதுவான கட்டிதான். குரல் மட்டும் திரும்ப வரும்போது, தண்ணீர் காணாத முறுக்கு மாவு மாதிரி விண்டு விண்டு வந்தது. ஆறு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் பேச்சு தேறியது, மேல்ஸ்தாயி வரவில்லை. கோயிலில் சாலோமி கீழ்க்குரல் வரிசைக்கு மாறிக்கொண்டார். மின்விசிறிகளை இப்போது யாரும் நிறுத்துவதில்லை. "காத்தாவது வருதே" என்று சாலோமி சிரித்தார். அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பிஸ்கட் டப்பாவை மூடிப் பரணில் போட்டார், டெஸ்டரைக்கூட எடுத்து வைத்துவிட்டார். அந்த இனத்தில் இது துக்கம் அனுசரிப்பதற்குச் சமம்.

ஒரு மத்தியானம், கணினியில் இடம் இல்லையென்று பழைய சோதனைகளை அழிக்க உட்கார்ந்தார். மொத்தம் நாற்பத்தொன்று. அழிக்குமுன் ஒன்றைக் கேட்போமே என்று காதில் மாட்டினார்.

"ஹலோ, ஹலோ. அருமைநாயகம் பேசுகிறேன். சோதனை பதினேழு. ஒன்று, இரண்டு, மூன்று." கொஞ்சம் அமைதி. அப்புறம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வெங்காயம் உரிக்கிற சாலோமி. வளையல் உரசுவது கேட்கிறது. மூச்சு எடுப்பது கேட்கிறது. குரல் மெல்ல எழுந்து, வளைந்து, அந்த மேல்ஸ்தாயியைத் தொடப் போகிறது.

"சாலோமி! இங்கன டெஸ்ட் நடக்கு!"

பதினெட்டைக் கேட்டார். பத்தொன்பதைக் கேட்டார். ஒவ்வொன்றிலும் சாலோமி ஏறுகிறார், ஒவ்வொன்றிலும் அருமைநாயகம் கத்துகிறார். மைக் நிஜமாகவே பளிங்கு மாதிரி இருந்தது. "ஸ்ஸ்" என்று ஒன்று எந்தச் சோதனையிலும் இல்லை.

சாயங்காலக் காப்பியோடு வந்த சாலோமி, அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, காதில் இருந்ததைக் கழற்றித் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார், புதுக் குரலில். "ஊடால கெடந்து கத்துதானே, அவன் யாரு?"

அருமைநாயகம் அழுதார், ஒளிக்காமல் அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, காப்பியை ஒரு வாய் குடித்தார். திடீரென்று அந்தப் பழைய வெளிச்சம் கண்ணில் வந்தது.

"சாலோமி, இதுல என் சத்தத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டா? ஒரு பெட்டி செஞ்சாப் போதும். அதுக்குள்ள அப்படி என்ன இருக்கு?"

"செய்யுங்க. அதுக்கு முன்ன என் உழக்கைத் தாங்க. கிறிஸ்துமஸ் வருது" என்றார் சாலோமி.

உழக்கு போய்ச் சேர்ந்தது. மூன்று துளை வழியாகவும் மாவு வருவதால் அவர்கள் வீட்டு முறுக்கு இப்போது பக்கவாட்டிலும் வளர்கிறது. பெட்டி வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுமாம்.

நீங்கள் சிரிக்கலாம். ஈயப்பற்றைத் தொட்டதே இல்லை, எனக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒன்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது பாடிக்கொண்டிருந்தார்களா? "கொஞ்சம் சத்தம் காட்டாம இரு, படிக்கேன்லா?" என்று நீங்கள் ஒரு குரல் கொடுத்தீர்களா?

எழுதி முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை கொடுத்துவிட்டேன்.