இடது ஆணியில் தொங்கிய புயல்

வானிலை வேலை பார்ப்பவனை அவன் வீட்டிலேயே யாரும் நம்ப மாட்டார்கள். நான் "இன்னிக்கு மழை இல்லம்மா" என்று வாய் திறந்தால் போதும், அம்மா கொடியில் கிடக்கும் துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார். அப்படிப்பட்ட என்னை ஒரே ஒரு நாள் ஊர் உலகமே நம்பித் தொலைத்தது. நம்புவதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா? அன்றைக்குத்தான் எங்கள் கிரேஸ் அக்காவுக்கு நிச்சயதார்த்தம்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தை ஒட்டிய ஒரு சின்ன வானிலைக் கூடத்தில் எனக்கு டெலிபிரிண்டர் வேலை. கூட வேலை பார்த்த கோவிந்தராஜன் வெளியே போய்க் காற்று, வெப்பம், மழை எல்லாவற்றையும் அளந்து எண்களாக எழுதிக்கொண்டு வருவார். அதை நான் காகித நாடாவில் துளைகளாகத் தட்டி, நேரம் வந்ததும் மெஷினில் கொடுப்பேன். இங்கே கொடுத்தால் தலைமை அலுவலகத்திலும் கூடவே இன்னும் பல ஊர்களிலும் அது தானாக அச்சாகும். (இதைச் சொல்லியே தெருவில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தேன். அப்போது எனக்கு மீசைகூடச் சரியாக வளரவில்லை.)

எங்கள் ஊர் வானிலை மகா சோம்பேறி. மேகம் கொஞ்சம், காற்று மெல்ல, மழை கிடையாது. தினமும் அதையே தட்டினால் விரல் எப்படிப் பழகும்? அதனால் ஓய்வு நேரத்தில் பயிற்சிக்காக நானே சொந்தமாகப் புயல் தயாரிப்பேன். மரம் சாய்க்கும் காற்று, ஏரி உடைக்கும் மழை, எதிலும் கஞ்சத்தனம் இல்லை. நிஜம்போல இருக்கட்டும் என்று எங்கள் நிலையத்தின் எண்ணையும் தலைப்பில் போட்டுவிடுவேன். சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. அனுப்ப வேண்டிய நாடா வலது ஆணியில், பயிற்சி நாடா இடது ஆணியில். இதுதான் எங்கள் சட்டம்.

நிச்சயதார்த்தம் மாலை நான்கு மணிக்கு. எனக்குக் காலை டியூட்டி. வேலை முடிந்ததும் அப்படியே போட்டுக்கொண்டு போகலாம் என்று, புத்தம் புதிய டெர்லின் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தேன். அதை எங்கே மாட்டுவது? இடது ஆணியில் மாட்டினேன். அங்கே இருந்த நாடா சட்டையைக் கசக்கிவிடுமே என்று அதை எடுத்து வலது ஆணியில், அன்றைய நாடாவுக்கு மேலேயே மாட்டினேன். நேரம் வந்ததும் மேலே இருந்ததை எடுத்து மெஷினில் கொடுத்தேன். மெஷின் கடகடவென்று புயலை அனுப்பியது. நான் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: "உங்கள் அறிக்கை சரிதானா?" என் தட்டச்சின் லட்சணத்துக்கு இந்தக் கேள்வி தினமும் வரும். நானும் வழக்கம்போலப் படித்துக்கூடப் பார்க்காமல் "சரி, சரி, மிகவும் சரி" என்று தட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட டீச்சர். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பாதியில் முறிந்ததில் அப்பா ரொம்பவே ஒடுங்கிப்போயிருந்தார். இப்போது வந்திருப்பவர் செங்கல்பட்டு செல்வராஜ். பெண் பார்க்க வந்த அன்று அவர் கேசரி சாப்பிட்டார், காபி குடித்தார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "டேய், அந்த ஆளு பேசுவாரா, இல்ல டிரான்சிஸ்டர் மாதிரி பேட்டரி போடணுமா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள். இதுவும் முறிந்தால் அப்பா தாங்க மாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் வாசலில் நின்று பந்தலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கப் போயிருந்த பந்தல்கார மணி சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார் பேஜாரா கீது? தாம்பரத்துல பேய்க் காத்தாம், பேய் மழையாம், ரேடியோல சொல்லிகினு கீறான். நான் இங்க வேர்த்து ஊத்திப் பந்தல் கட்டிகினு கீறேன்!"

ஆணி, சட்டை, நாடா எல்லாம் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. ஆண்டவரே! செங்கல்பட்டில் ரேடியோ எல்லாம் ரிப்பேராகிக் கிடக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஜெபம் செய்தேன். (கேட்கப்படவில்லை.)

நான்கு மணி ஆயிற்று. போதகர் வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. ஐந்தும் ஆயிற்று. அப்பா வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து வேட்டி முழுக்கப் புழுதி. "வழியில வண்டி ரிப்பேரா இருக்கும்" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார். உள்ளே போனேன். பட்டுப்புடவையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பிடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? அப்பாவை ஏன்டா இப்படி வாசல்ல நிக்க வைக்கிறாங்க?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, அவங்க மேல தப்பு இல்ல. புயல் அனுப்பினது நான்தான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த பனை விசிறியால் அவள் என்னை அடித்த அடியில் விசிறி இரண்டாகப் பிய்ந்தது. புதுச் சட்டையின் பையும் கிழிந்தது. அதுவும் வேண்டியதுதான்.

அப்போது வாசலில் ஒரே ஆரவாரம். மணியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது: "யார்றா அது, இந்த வெயில்ல?"

தெருமுனையில் ஓர் உருவம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்து வரை பட்டன் போட்ட ரெயின்கோட், ஒரு கையில் குடை, ஒரு கையில் ரொட்டிப் பொட்டலங்கள், தோளில் பெரிய கிணற்றுக் கயிறு. முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. எங்கள் மாப்பிள்ளை செல்வராஜ்! பட்டுப்புடவையோடு வாசலுக்கே ஓடி வந்துவிட்ட அக்காவைப் பார்த்து அவர் முதன்முதலாக வாய் திறந்தார்.

"வெள்ளம் எங்கங்க?"

எல்லோரும் காய்ந்து கிடந்த தெருவைத் திரும்பிப் பார்த்தோம். அவரே தொடர்ந்தார். "ரேடியோல கேட்டதும் அப்பா, அடுத்த மாசம் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டார். எனக்குத்தான் உக்கார முடியல. நீங்கல்லாம் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"கயிறு எதுக்கு?" என்றாள் அக்கா.

"உங்களை இறக்கத்தான்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க. அதுக்குத்தான் கயிறு."

அக்கா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வர, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா ஓடிப்போய் மாப்பிள்ளையை ரெயின்கோட்டோடு கட்டிக்கொண்டார். போதகர் வீட்டு போனிலிருந்து செங்கல்பட்டுக்கு டிரங்க் கால் போட்டோம். விளக்கு வைத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்து இறங்கினார்கள். (ஆளுக்கொரு குடையோடுதான். இன்னமும் எங்களை நம்பவில்லை.) மோதிரம் மாற்றும்போது எல்லோரும் ஜெபத்துக்காகக் கண்ணை மூடியிருந்தார்கள். அக்கா மட்டும் மாப்பிள்ளையின் பூட்ஸைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீசில் நடந்ததை விவரிக்க வேண்டாம். சூப்பிரண்டெண்ட் என்னை ஜன்னலோரம் வெயிலில் உட்கார வைத்து, அந்தப் புயல் எந்தப் பக்கம் கரை கடந்தது என்று விளக்கம் எழுதச் சொன்னார். இடது ஆணியைக் கோவிந்தராஜன் தன் கையாலேயே பிடுங்கி, "கல்யாணப் பரிசு" என்று என்னிடம் கொடுத்தார்.

அந்த ஆணி இப்போது அக்கா வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதில் அந்த ரெயின்கோட் தொங்குகிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் அத்தான் கதையை ஆரம்பித்துவிடுவார். பேட்டரி போடணுமா என்று கேட்கப்பட்ட மனுஷன், இப்போது நிறுத்துவதற்குத்தான் வழி தெரியாமல் பேசுகிறார். போன கல்யாண நாளில் அவர் கதையை முடித்ததும், அக்கா என் காதருகே வந்து ஒன்று சொன்னாள். "அன்னிக்குக் காலையில, எனக்கு இந்த மாப்பிள்ளை வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்டா. நீ புயல் அனுப்பலன்னா நான் அனுப்பியிருப்பேன்."

பதிலுக்கு அடிக்க நான் ஒரு விசிறியைத் தேடினேன். அதற்குள் அக்காவின் பேத்தி என்னிடம் போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, நாளைக்குத் தாம்பரத்துல பயங்கர மழையாம்!"

வீடே என் பக்கம் திரும்பி, "எந்த ஆணி?" என்று ஒரே குரலில் கத்தியது. அத்தான் மட்டும் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.