தூக்கத்து மேஸ்திரியும் பன்னிரண்டாவது புஷ்ஷும்

கோயமுத்தூரில் தூங்கியே தொழிலில் பேர் வாங்கிய ஒரே மனிதர் உக்கடத்துத் தூக்கத்து மேஸ்திரிதான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று போன போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்.

பழைய கார், ஜீப்புகளின் அடிப்பக்க வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் வண்டியின் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டு, “ஓட்டுங்க தம்பி” என்பார். போகிற வழியில் அவர் தூங்கிவிட்டால் வேலை சுத்தம். தூக்கம் வராவிட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்; திரும்பி வந்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். ஒருமுறை பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், பின்னால் ஆள் கிடப்பதை மறந்து நேராகப் பண்ணைக்கே போய்விட்டார். கண் விழித்த மேஸ்திரி நிதானமாகக் கேட்டாராம்: “ஏனுங்க, உக்கடத்துல இத்தன கோழி எப்பங்க வந்துச்சு?”

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு ஜீப் வாங்கினேன். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. அது போடும் கிறீச் சத்தத்தில், நான் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா காப்பிக்குப் பால் வைத்துவிடுவார். பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டைக்குப் போயிருந்த மனைவியையும் மூன்று மாத மகளையும் இந்த ஜீப்பில்தான் அழைத்து வருவேன் என்று உறவு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். அதில் ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிய மாமனார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க மாப்பிள்ளை. இதுல தேங்கா மூட்டையே ஏத்த மாட்டனுங்க, பச்சக் கொளந்தைய ஏத்துவனுங்களா? வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க. உட்டா ஆடி பொறந்துரும். அப்பறம் ஆவணிலதானுங்க அனுப்புவேன்.”

ஆவணி வரை மகளைப் பிரிந்திருக்க என்னால் ஆகாது. திங்கட்கிழமையே ஜீப்பை உக்கடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மேஸ்திரி அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். “புஷ்ஷெல்லாம் செத்துப்போச்சுங்க தம்பி. பன்னெண்டும்.”

ஸ்பிரிங் பட்டைகளின் நுனியில் இருக்கும் வளையத்துக்குள்ளே உட்காரும், ரப்பர் வைத்த இரும்புக் குழல்தான் புஷ். என் ஜீப்பில் அது துருவேறி, வளையத்தோடு ஒன்றாகிக் கிடந்தது. மேஸ்திரி எல்லாவற்றிலும் டீசலை ஊற்றி, “ஊறட்டுமுங்க” என்று பட்டறைக் கட்டிலில் சாய்ந்தார். புதன்கிழமைதான் எழுந்தார் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. நீளமான போல்ட், ஒரு துண்டு பைப், ஒரு நட்டு, அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். நட்டை முடுக்க முடுக்க, “வாங்க, மெல்ல வாங்க, அப்பிடித்தானுங்க” என்று புஷ்ஷை உபசரித்தே வெளியே வரவழைத்தார். எந்த வாடிக்கையாளருக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பதினொன்று வந்தன. பன்னிரண்டாவது அசையவில்லை.

“கேஸ் வெச்சுச் சுட்டு எடுத்துறலாமுங்களா?” என்று கேட்டேன்.

“சூடு காட்டுனாப் பட்டையோட வெறப்பு போயிருமுங்க. ஊறட்டும்.” மறுபடியும் கட்டில்.

வியாழன் காலை வரை பொறுத்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டேன். புஷ் வரவில்லை. அதன் விளிம்புதான் காளான் மாதிரி விரிந்து, முன்னைவிட இறுகிக்கொண்டது. சத்தம் கேட்டு எழுந்து வந்தவர் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கொளந்த மேல உங்குளுக்கு ஆசைன்னு எனக்குத் தெரியுதுங்க கண்ணு. சுத்தியலுக்குத் தெரியாதுங்களே!”

இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றைத் தனியே கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, புஷ்ஷின் ஓட்டைக்குள் விட்டு உள்ளிருந்தே அறுக்க ஆரம்பித்தார். ஒரு நூல் அதிகம் போனால் பட்டையே வெட்டுப்பட்டுவிடும். பகல் முழுக்க அறுத்தார், ராத்திரியும் அறுத்தார். தூங்கவே இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் காய்ச்சலோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ‘டிங்’ என்று விழுந்தது பன்னிரண்டாவது புஷ். நான் குதித்தே விட்டேன். புது புஷ்களைப் பூட்டி முடிக்க மணி ஒன்பது.

“டெஸ்ட்டு போகாம வண்டி குடுக்க மாட்டனுங்க.”

“உடுமலைக்கு நேரமாச்சுங்க மேஸ்திரி!”

“அப்ப உடுமலைக்கே டெஸ்ட்டு போலாமுங்க” என்று பின்னால் ஏறிப் படுத்துவிட்டார். ஈச்சனாரி வருவதற்குள் குறட்டை.

உடுமலையில் மாமனார் ஜீப்பைச் சுற்றி வந்து, பின்னால் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். “யாருங்க மாப்பிள்ளை இது?”

“மெக்கானிக்குங்க மாமா. கோயமுத்தூர்ல இருந்தே தூங்கறாருங்க.”

மாமனார் கனைத்தார், தட்டினார், வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கினார். மேஸ்திரி புரண்டுகூடப் படுக்கவில்லை. “இப்பிடித் தூங்க முடியுதுன்னா வண்டி தேவலைங்க” என்றவர், தானே தொட்டில் துணிகளைக் கொண்டுவந்து ஏற்றினார்.

திரும்பும்போது பொள்ளாச்சி தாண்டியதும் மனைவி கண்ணயர்ந்தாள். மடியில் மகளும் தூங்கினாள். எதிர் பெஞ்சில் மேஸ்திரி மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன்.

“என்னங்க மேஸ்திரி, எங்கயாச்சும் ஆடுதுங்களா?”

“மெல்லப் பேசுங்க தம்பி” என்றார், குழந்தையின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல். “டெஸ்ட்டுதானுங்க நடக்குது. நானும் தூங்கிட்டா, பாப்பா தூங்குதான்னு யாருங்க பாக்கறது?”

உக்கடம் வரும்வரை அவர் கண் மூடவில்லை. ஆட்டமே இல்லாத ஒரு வண்டியில் தூக்கத்து மேஸ்திரி விழித்துக்கொண்டே வந்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு முறைதான்.